நாற்பது நாள் ஜன்னல்

திங்கட்கிழமை காலை மாடி அறைக் கதவைத் திறந்ததும், சீலிங்கில் யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. மூன்று வாரத்துக்கு முன் நான்தான் அதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். ஸ்டூல் மேல் நின்று, கழுத்து வலிக்க வலிக்க, இரண்டு தடவை. இப்போது ஜன்னல் பக்கத்து மூலையில் தொடங்கி விளக்குவரை ஒரு மஞ்சள் திட்டு படர்ந்திருந்தது. புரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டின் ஓரம் நகர்ந்தது.

ஈக்கள். ஒவ்வொன்றும் கசகசாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மஞ்சள் உடம்பு, முதுகில் மூன்று கறுப்புக் கோடு. பறக்கவில்லை, கடிக்கவில்லை, எதையும் தேடவில்லை. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, எதற்கோ காத்திருப்பவைபோல, சும்மா இருந்தன. மேலே எக்கி ஊதினேன். கோதுமை வயலில் காற்று போவதுபோல ஓர் அலை போனது. பிறகு பழையபடி மூடிக்கொண்டது. சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு மறந்ததுபோல.

எப்படி வந்தன என்று யோசிக்கவே தேவையில்லை. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு கிளாஸ் தண்ணீர், பக்கத்தில் சிவப்புப் பூவேலை செய்த துண்டு. என் மாமனார் லுக்யான் இறந்து அன்றைக்கு முப்பத்தைந்தாம் நாள். நாற்பது நாள்வரை ஆன்மா வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். தாகம் எடுத்தால் வந்து குடிக்கும், துண்டில் முகம் துடைத்துக்கொண்டு போகும். அதுவரை அந்த ஜன்னலைச் சாத்தக் கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஸினாய்தா மெஃபோதியிவ்னா வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து. இந்த அறையைப் பார்ப்பதற்காகவே.

நான் கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

*

என் கணவன் நசார் சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் கிழங்கு லாரி ஓட்டுகிறான். அக்டோபரில் அவனைப் பகலில் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்க்க முடியும், அதுவும் பூட்ஸ் நிறையச் சேற்றோடு. அன்றைக்கு அவன் கையைக்கூடக் கழுவ விடாமல் மேலே இழுத்துக்கொண்டு போனேன்.

அவன் கோயிலுக்குள் நுழைபவன்போலத் தொப்பியைக் கழற்றினான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வாக்குவம் கிளீனர எடுத்துட்டு வரேன்" என்றேன். "நீ ஸ்டூலப் பிடிச்சுக்கோ."

"இரு, இரு. என்ன பண்ணப் போற?"

"உறிஞ்சப் போறேன். வேற என்ன பண்ணுவாங்க?"

"எங்கப்பாவ வாக்குவம் கிளீனர்ல உறிஞ்சப் போறியா?"

சிரிப்பதற்காகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எங்கள் பக்கத்தில் செத்தவர் ஈயாகத்தான் வருவார் என்று சொல்வார்கள். நாற்பது நாளுக்குள் வீட்டில் ஈ அடிப்பவர் யாருமில்லை. நானும் அடித்ததில்லை. ஆனால் இது வேறு.

"நசார், உங்கப்பா ஒருத்தரு. இங்க பத்தாயிரம் இருக்கு."

"தனியா வரல" என்றான். "அவரு ஆளுங்களக் கூட்டிட்டு வந்திருக்காரு."

பிறகு சொன்னான். மாமனார் கூட்டுப்பண்ணைக் காலத்தில் கிழங்கு வயலில் மேஸ்திரியாக இருந்தவர். நாற்பது பெண்களை வேலை வாங்கியவர். அவர்களைவிட இந்த மஞ்சள் ஈக்களைத்தான் அவருக்குப் பிடிக்குமாம். அதன் புழுக்கள் மண்ணுக்குள் கிழங்கின் வேரில் அப்பிக்கொண்டிருக்கும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று வளரும். அவர் ஒரு கிழங்கைப் பிடுங்கி வேரைக் காட்டுவார். "பாத்துக்கோ, என் ஆளுங்க. கூலி கேக்க மாட்டாங்க, லீவு கேக்க மாட்டாங்க, பின்னாடி என்னத் திட்டவும் மாட்டாங்க." நசாருக்கு அப்போது ஏழு வயது.

"ஞாயித்துக்கிழமை பின்னாடி வயல்ல மெஷின் இறங்குச்சு. கிழங்கெல்லாம் எடுத்தாச்சு. அதான் கிளம்பி வந்துருச்சுங்க" என்றேன். "நீயே சொல்றியே, வயல்ல இருக்கறதுன்னு. குளிருக்கு இடம் தேடுது."

"இந்தத் தெருவுல இருபது வீடு இருக்கு. மாடி இருக்கற வீடு ஆறு. ஏன் இங்க?"

"ஏன்னா நீ ஜன்னலத் திறந்து வச்சிருக்க!"

அவன் கீழே வந்து போர்ஷ் சூப்பை நின்றுகொண்டே குடித்தான். கதவருகே போய்த் திரும்பினான்.

"அவருக்கு இஷ்டமில்ல, யுஸ்தினா. உனக்கும் தெரியும். அவரு ரூம அவரு விட்டுக் குடுக்கல."

*

அது எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷமாக நாங்கள் ஞாயிறுதோறும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். மெலாங்காவைப் பார்க்க. ஆறு வயது. காது மடல் இரண்டும் வெளியே விரிந்திருக்கும். பேசும்போது நம் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவாள். ஒரு தடவை அவளை ஒரு குடும்பம் அழைத்துக்கொண்டு போய், நான்கு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதிலிருந்து அவள் எங்கே உட்கார்ந்தாலும் பூட்ஸைக் கழற்ற மாட்டாள். "எப்ப எங்க கிளம்பச் சொல்வாங்கன்னு தெரியாதுல்ல" என்று ஒரு தடவை என்னிடம் விளக்கினாள், பெரிய மனுஷியைப்போல.

மாமனாரிடம் நாங்கள் மாடி அறையைக் கேட்டோம். கீழே ஒரே அறை, ஒரு சமையலறை. குழந்தைக்குத் தனி இடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்கு முட்டி வலி, படி ஏறுவதே பாடு. ஆனால் அந்த ஜன்னலிலிருந்து வயல் தெரியும். "எவனோ பெத்ததுக்கு என் ரூமா?" என்றார். "நான் செத்தப்புறம் எது வேணா பண்ணுங்க. செத்தப்புறமும் பாப்பேன், பண்ண விடறேனான்னு." அவர் அப்படித்தான் பேசுவார்; தபால்காரரிடமும் அப்படித்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நசார் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். இரண்டு வாரம் கழித்துச் சுண்ணாம்பு அடித்தேன். சின்னக் கட்டில், பச்சை ரஜாய்ப் போர்வை, ஒரு நாற்காலி. அவள் அளவுக்கு ஒரு நம்பர் பெரியதாகச் சிவப்பு ரப்பர் பூட்ஸ். அவள் வரைந்து கொடுத்த படத்தைச் சுவரில் ஒட்டினேன்: ஒரு வீடு, வீட்டைவிடப் பெரிய ஒரு ஜன்னல். "என் ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். இருக்கிறது என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வேன். அவள் படத்துக்கு எதிர்ச்சுவரில் கறுப்பு ரிப்பன் கட்டிய மாமனாரின் போட்டோ. அதை எடுக்க நசார் விடவில்லை.

இல்லத்தில் ஏழு வயதை நெருங்கும் குழந்தைகளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர்களுக்குப் பேருந்து. வேறு மாகாணத்தில் உள்ள பெரிய விடுதிப் பள்ளி. போக ஒரு நாள், வர ஒரு நாள். அதற்கு முன் வீட்டைப் பார்த்த காகிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அவளை எங்களோடு அனுப்பிவிடுவார்கள், மற்ற காகிதங்கள் பிறகு. விழாவிட்டால் செவ்வாய்க்கிழமை அவள் பேருந்தில் ஏறுவாள். பூட்ஸ் போட்டபடி தயாராகத்தான் இருப்பாள்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை, எதிர்வீட்டு பராஸ்கா எட்டிக்காய்போலக் கசக்கும் ஒரு கட்டு காட்டு மாசிப்பச்சைத் தழையோடு வந்தாள். ஐம்பது வயது, இரண்டு கணவர்களை மண்ணுக்கு அனுப்பிவைத்தவள், எந்த வீட்டு விஷயமும் அவளுக்கு அந்த வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும்.

"இதத் தொங்க விடு. ஓடிப்போயிரும்."

தொங்கவிட்டோம். மாலைக்குள் அந்தக் கட்டின் மேலும் ஈக்கள் உட்கார்ந்திருந்தன.

"அடேயப்பா" என்றாள் பராஸ்கா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "உயிரோட இருந்தப்ப ஒரு வாய் சூப் குடுக்க யாரையும் உள்ள விடாத மனுஷன். இப்ப பாரு, ஊரையே கூட்டிட்டு வந்திருக்கான்."

"அத்தை, நசார் முன்னாடி இப்படிப் பேசாதீங்க."

"ஏன், நம்பறானா?"

"நம்பறான்."

"நீ?"

நான் துண்டின் மடிப்பைச் சரிசெய்தேன். துண்டிலும் நான்கைந்து இருந்தன. அவற்றை ஊதித்தான் விட்டேன், தட்டவில்லை. அதை பராஸ்கா பார்த்துவிட்டாள். கீழே இறங்கிப் போனாள்.

புதன்கிழமை அஞ்சலகத்தில் லீவு சொன்னேன். நசாரின் லாரி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்து, வாக்குவம் கிளீனரை மேலே தூக்கிக்கொண்டு போனேன். போட்டோவைப் பார்க்காமல் இருப்பதற்காக அதற்கு முதுகு காட்டி நின்றேன். குழாய் போன இடமெல்லாம் வெள்ளை திரும்ப வந்தது. ஒரு பெரிய தாளில் அழிரப்பரால் அழிப்பதுபோல. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தியதும் பையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே அதே ரேடியோச் சத்தம்.

மேஸ்திரியின் ஆட்கள். கூலி கேட்காதவர்கள்.

பையைக் கொட்ட மனம் வரவில்லை. அப்படியே கொட்டகையில் கொண்டுபோய் வைத்து, வாயைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு சீலிங் மறுபடி மஞ்சளாக இருந்தது. முன்பைவிட அதிகம். பலகை இடுக்குகளிலும் புகுந்திருந்தன; பரண் முழுக்க இருக்க வேண்டும். நசார் ஏற்கெனவே கிளம்பியிருந்தான். இரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான், சட்டைகூட எடுத்து வைத்திருந்தான்.

நான் கிளாஸை ஓரமாக நகர்த்தினேன். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள். கொக்கி இரண்டு தடவை நழுவியது. "ரெண்டே நாள் தான் மாமா" என்று வாய்விட்டுச் சொன்னேன். "வாசக்கதவு திறந்துதான் இருக்கு. அதுல வாங்க."

பிறகு கிளீனரை எடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். பத்து மணிக்குக் கீழே அடுப்பை மூட்டினேன். அதன் புகைபோக்கி மாடி அறை வழியாகத்தான் போகிறது; குழந்தையின் அறை வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கட்டாயம் தொட்டுப் பார்ப்பார்கள். நிறையவே விறகு போட்டேன்.

*

ஒன்றரை மணிக்குக் கூச்சல் கேட்டது.

"தீ! லுக்யான் வீட்ல தீ!"

முற்றத்துக்கு ஓடினேன். நல்ல வெயில், அக்டோபரில் எப்போதாவது வரும் தேன் நிற வெயில். எங்கள் வீட்டு முகட்டுக்குக் கீழே, ஓடும் பலகையும் சேருகிற இடுக்கிலிருந்து, சாம்பல் நிறத்தில் புகை சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஓக் மரத்தின் உயரத்துக்கு. நடுவில் தடித்து, மேலே கலைந்து. அடுப்பு! நான் போட்ட விறகு!

பராஸ்கா இரண்டு வாளியோடு ஓடிவந்தாள், பாதித் தண்ணீர் அவள் பாவாடையில். பின்னால் இன்னும் நான்கைந்து பேர். தெருமுனையில் கிழங்கு லாரி திரும்பியது. நின்ற வேகத்தில் அரை வண்டி கிழங்கு சாலையில் உருண்டது. நசார் கதவைச் சாத்தாமல் குதித்து, என்னைத் தாண்டி உள்ளே ஓடினான்.

"போகாதே!" என்று கத்தினேன்.

மாடி ஜன்னல் வெடித்ததுபோல் திறந்தது. பச்சை ரஜாய் விரிந்தபடியே வந்து முற்றத்தில் விழுந்தது. அடுத்து மெத்தை. அடுத்து நாற்காலி, அது ஆப்பிள் மரத்தில் மாட்டிக்கொண்டது. சிவப்பு பூட்ஸ் ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது பூட்ஸ், கேட்டைத் திறந்து உள்ளே வந்துகொண்டிருந்த சாம்பல் நிறக் கோட் அணிந்த அம்மாளின் காலடியில் போய் விழுந்தது. கையில் ஃபைல். மூக்குக் கண்ணாடி. அவர் பூட்ஸைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரமா வந்துட்டேனா?" என்றார் ஸினாய்தா மெஃபோதியிவ்னா.

அதற்குள் பராஸ்கா நின்ற இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"வாசனையே இல்லியே! என்ன தீ இது, வாசனையே இல்லாம?"

எல்லோரும் உறிஞ்சினோம். ஈர மண்ணும் கிழங்கும்தான் மணந்தன. மேலே நசார் ஜன்னலில் தெரிந்தான். தலை, புருவம், மீசை எல்லாம் மஞ்சள். எதையோ துப்பினான்.

"ஈ" என்றான். "ஈ தான்."

அடுப்பின் சூட்டில் பரணிலிருந்தவை எல்லாம் விழித்துக்கொண்டு, வெயிலைத் தேடி இடுக்கு வழியாகப் புறப்பட்டிருந்தன. அண்ணாந்து பார்த்தோம். இப்போது தெரிந்தது, அது ஏறிக்கொண்டே போகவில்லை. ஓரிடத்தில் நின்று மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் எல்லோரும்.

நசார் கீழே வந்தபோது அவன் கையில் அவள் வரைந்த படம் இருந்தது. மூலை கிழிந்து, சுண்ணாம்பு ஒட்டி.

"அது சரி" என்றாள் பராஸ்கா, வாளியை வைத்துவிட்டு. "அப்பன் போட்டோவ எடுத்தியாடா?"

நசார் மேலே பார்த்தான்.

"இல்ல" என்றான். "தோணவே இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து பராஸ்காவே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் சாலையில் கிடந்த கிழங்கைப் பொறுக்கப் போனார்கள். நசார் என்னைப் பார்த்தான்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"நான்தான் சாத்தினேன்."

"முப்பத்தெட்டு நாள் தான் ஆகுது."

"தெரியும். நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"ரெண்டு நாள் பொறுக்க முடியலயா உனக்கு? வெளிய நிறுத்திட்டியே அவர!"

"செவ்வாய்க்கிழமை அவ பஸ் ஏறிருவா!" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "உங்கப்பா செத்துட்டாரு நசார். அவரு எங்க வேணா இருக்கலாம், சுவர்ல, வயல்ல, ஓட்டு மேல. அவளுக்கு அந்த ஒரு ரூம் தான்."

ஸினாய்தா மெஃபோதியிவ்னா அந்த பூட்ஸை எடுத்துக் கையில் வைத்திருந்தார். நாங்கள் அவரை மறந்தே போயிருந்தோம்.

"நான் மேல போய்ப் பாக்கலாமா?" என்றார்.

*

அறையில் அவர் வெகுநேரம் நின்றார். கட்டில் வெறும் சட்டமாக இருந்தது. சீலிங்கில் பாதி மஞ்சள், தரையில் நடந்தால் சன்னமாக நொறுங்கும் சத்தம். புகைபோக்கிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். கிளாஸ் கவிழ்ந்திருந்தது, நசார் ஜன்னலைத் திறந்தபோது விழுந்திருக்க வேண்டும். அவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"பெரியவருக்குக் குழந்தைய எடுக்கறதுல சம்மதமா இருந்துச்சா?"

நான் பொய் சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லீங்க" என்றான் நசார். "கடைசிவரைக்கும் இல்ல. அவரு தடுக்கறாருன்னுதான் நான் இந்த நாலு நாளா…" அவன் தொப்பியைக் கையில் திருகினான்.

"உங்களுக்கு?"

அவன் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தான். ரஜாய் இன்னும் புல்லில் கிடந்தது. ஒரு கோழி அதன் மேல் ஏறி நின்றிருந்தது.

"எனக்கு அவ சாமானத் தவிர வேற எதுவும் தோணல" என்றான். "புகையப் பாத்தப்ப."

அவர் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் படிக்க முயன்றேன். வெளிச்சம்: போதுமானது. வெப்பம்: போதுமானது. பூச்சிகள், எலிகள் என்ற வரியில் பேனா நின்றது.

"இல்லைன்னு எழுத முடியாது. நான் இருபத்திரண்டு வருஷமா பொய் எழுதினதில்ல" என்றார். "ஆனா இந்த வரிய நிரப்பாம விடலாம். தேதியும் போடாம விடலாம். திங்கட்கிழமை காலையில வரேன். அப்ப பாத்தத எழுதுவேன். இருந்தா இருக்குன்னு."

படியிறங்கும்போது திரும்பி, "நாற்பது என்னிக்கு?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை."

அவர் தலையசைத்தார். அது பரிவா, கணக்கா என்று எனக்குத் தெரியவில்லை. பூட்ஸை அடுப்பருகே காய வைத்துவிட்டுப் போனார்.

*

வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. கிளாஸில் அவனே புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

சனிக்கிழமை பாதிரியார் வந்து போனார். தேன் ஊற்றிய கோதுமையை மாடி அறையில் வைத்துத்தான் படைத்தோம். ஈக்கள் அதைத் தீண்டவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. நசார் கிளாஸை எடுத்து, ஜன்னல் வழியாக ஆப்பிள் மரத்தின் வேரில் தண்ணீரைக் கொட்டினான். துண்டை வெளியே நீட்டி மூன்று தடவை உதறினான். பிறகு வயலைப் பார்த்தபடி, பின்னால் நான் நிற்பது தெரியாதவனைப்போல, "அப்பா, ரூம் வேணும்" என்றான். பக்கத்து வீட்டில் ஏணி கேட்பதுபோலத்தான் கேட்டான். பதில் வரும் என்று கொஞ்சம் நின்றான்.

அடுப்பை எரியவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து வைத்தோம். சாயங்காலம்வரை அவை போய்க்கொண்டே இருந்தன, மறுபடி அந்தப் புகைபோல. தெருவில் இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. வெயில் இறங்கியதும் நசார் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை கிளீனரை அவனே மேலே தூக்கி வந்தான்.

"நாப்பது முடிஞ்சிருச்சு" என்றான். "இனிமே இது ஈ தான்."

ஆனால் மெதுவாகத்தான் செய்தான். குழாயைக் கிட்டே கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஊதினான், பறக்கிறவை பறக்கட்டும் என்பதுபோல. கடைசியில் போட்டோவுக்கு மேலே, மூலையில், உள்ளங்கை அளவு ஒரு திட்டு மிச்சம். மெஷினை நிறுத்திவிட்டுக் குழாயை என்னிடம் நீட்டினான்.

"அத நீ பண்ணு."

கீழே போய்விட்டான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையின் கீழே நின்றேன். மாமனார் போட்டோவிலிருந்து வழக்கம்போல எரிச்சலாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒயரைச் சுற்றி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஸினாய்தா மெஃபோதியிவ்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீலிங்கைப் பார்த்தார். மூலைக்கு வந்ததும் பார்வை நின்றது.

"அது என்னது?"

"பெயின்ட்" என்றேன், மூச்சுவிடாமல்.

"மஞ்சளா?"

"ஈ தாங்க" என்றான் நசார். "கொஞ்சம் மிச்சம் இருக்கு. குளிர்காலம்வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

அவனை அந்த இடத்திலேயே கொன்றுவிடலாம்போல இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். அந்த வரியில் எழுதினார், சிறிதாக, நேரம் எடுத்துக்கொண்டு. என்ன எழுதினார் என்று படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் புரட்டித் தேதி போட்டார். அதன் கீழே கையெழுத்து.

*

செவ்வாய்க்கிழமை இல்லத்தின் வாசலில் பேருந்து நின்றிருந்தது. மெலாங்கா வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. வார்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். லாரியில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, வழி முழுக்க நசாரின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாடி அறையில் முதலில் ஜன்னலிடம் போனாள். வயல் வெறும் கறுப்பு மண்ணாகக் கிடந்தது. பார்த்துவிட்டு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். சிவப்பு பூட்ஸ் அவளுக்குக் கொஞ்சம் பெரிது. வரும் வழியிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள். தலையைத் தூக்கி மூலையில் மிச்சமிருந்த மஞ்சள் திட்டைப் பார்த்தாள்.

"அது யாரு?"

நான் நசாரைப் பார்த்தேன்.

"எங்கப்பாவோட ஆளுங்க" என்றான் அவன்.

"கடிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"எப்பப் போவாங்க?"

"வசந்தத்துல. வெயில் வந்ததும் வயலுக்குப் போயிருவாங்க."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்கு நன்றாகப் புரிந்த விஷயமாக இருந்தது. விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள், ஐந்தில் நின்றாள்.

"நானும் அப்பதான் போகணுமா?"

கீழே அடுப்பில் விறகு சரியும் சத்தம் கேட்டது. நசார் அவள் முன்னால் மண்டியிட்டான். ஒரு கையால் அவள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு பூட்ஸை இழுத்தான். அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு விடாமல் பிடித்தாள். அவன் அவசரப்படவில்லை. மூலையில் இருந்த திட்டு ஒரு தடவை அலைபோல அசைந்து அடங்கியது. முதல் பூட்ஸ் வந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டி, கை எட்டாத தூரத்தில் வைத்தான். இரண்டாவதைப் பிடித்தபடி, அவள் விடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.